முதல் வாரத்தில் மூன்று கணக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. நானும் என் மச்சானும் சேர்ந்து தங்கச்சிமடத்திலிருந்து ஓர் ஆப் நடத்துகிறோம். அன்றன்று விற்ற மீன், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, வியாபாரி கமிஷன் எல்லாவற்றையும் போட்டால் படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று பிரித்துக் காட்டிவிடும். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை வரை நாட்டுப்படகும் விசைப்படகுமாக மாதம் 70 படகு போலப் புதிதாகச் சேருகின்றன. சேருகிறவர்களில் 100-க்கு 30 பேர் முதல் வாரத்திலேயே மூன்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அவர்களில் 58 சதவீதம் பேர் மூன்று மாதம் கழித்தும் போடுகிறார்கள். மற்றவர்களில் 14 சதவீதம்தான். "எல்லோரையும் மூன்று கணக்குப் போட வைத்துவிட்டால் எல்லோரும் தங்கிவிடுவார்கள்" என்கிறான் மச்சான். மூன்று போட்டால் 50 ரூபாய் ரீசார்ஜ் என்று அறிவிக்கலாம் என்பது அவன் யோசனை. பணம் போட்டவரும் தலையாட்டுகிறார். எனக்கு மட்டும் எங்கேயோ இடிக்கிறது. ஆரம்பத்தில் பிடித்துக்கொண்டவர்கள் கடைசிவரை இருப்பார்கள் என்பது உண்மைதானா? அதை எப்படி அளப்பது?

பதில்: தம்பி, இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடிக்கிறது. 58, 14 இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம். அவற்றை வைத்து யார் தங்குவார் என்று ஊகிக்கலாம். எது தங்க வைக்கும் என்று அவை சொல்லாது. உங்கள் மச்சான் முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாவது கேள்விக்கு எழுதிவிட்டார். பெரிய கம்பெனிகளிலேயே இது தினமும் நடக்கிறது, அவரைக் கோபிக்காதீர்கள்.

அந்த 30 பேரில் பத்துப் பேருக்குப் போன் போட்டுப் பேசிப் பாருங்கள். ஒரு வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள் இருப்பாள். அப்பா கரையேறியதும் போனை வாங்கிக் கணக்குப் போடுவது அவளாக இருக்கும். இன்னொன்று, மூன்று பேர் கூட்டாக வாங்கிய படகாக இருக்கும். பங்கில் ஏற்கெனவே ஒரு தடவை மனஸ்தாபம் வந்திருக்கும், நோட்டில் எழுதினால் நம்பமாட்டார்கள் என்று ஆப்புக்கு வந்திருப்பார்கள். இவர்களுக்கு உங்கள் ஆப் தேவைப்பட்டது. தேவை இருந்ததால் முதல் வாரத்தில் மூன்று தடவை போட்டார்கள், அதே தேவையால் மூன்று மாதம் கழித்தும் போடுகிறார்கள். தேவையே இல்லாத ஒருவரை 50 ரூபாய் கொடுத்து மூன்று தடவை தட்ட வைத்தால், அவர் வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள் முளைத்துவிடமாட்டாள்.

அப்புறம், ஒரு வாரம் என்ற அளவை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஏதாவது வெளிநாட்டுக் கட்டுரையில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கம் பாக் விரிகுடாவில் விசைப்படகு தொழிலுக்குப் போவதே வாரத்தில் மூன்று நாள். ஆக, விசைப்படகுக்காரர் ஒருவர் முதல் வாரத்தில் மூன்று கணக்குப் போட்டார் என்றால் ஒரு நாள்கூட விடவில்லை என்று அர்த்தம். நாட்டுப்படகுக்காரருக்கு அதே மூன்று, அவ்வளவு முயற்சி இல்லை. அந்த வாரம் காற்று பலமாகி, பாம்பனில் கூண்டு ஏற்றி, யாரும் கடலுக்கே போகவில்லை என்றால் இருவருமே "ஆர்வம் இல்லாதவர்" கணக்கில் விழுந்திருப்பார்கள். காற்று செய்த வேலைக்கு ஆள் மேல் பழி. வாரத்தை விடுங்கள். சேர்ந்த பிறகு கடலுக்குப் போன முதல் நான்கு தொழில் நாளில் எத்தனை நாள் கணக்குப் போட்டார் என்று எண்ணுங்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கொஞ்சம் நுணுக்கமானது, நானே வருடக்கணக்கில் கவனிக்காமல் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆப்பை இறக்கி, பிடிக்காமல் புதன்கிழமை அழித்துவிட்டவர் மூன்று கணக்குப் போட்டிருக்கவே முடியாது. அவர் தானாக 14 சதவீதக் கூட்டத்தில் போய் விழுகிறார். மூன்று போட்டவர் என்ற பெயர் வாங்க வேண்டுமானால் அதுவரை ஓடிப்போகாமல் இருந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் அட்டவணையில் ஒரு பகுதி, "தங்கியவர்கள் தங்கினார்கள்" என்று மட்டுமே சொல்கிறது. மருத்துவப் புள்ளியியலில் இதை இம்மார்ட்டல் டைம் பயாஸ் என்பார்கள். சரிசெய்வது சுலபம். முதல் நான்கு தொழில் நாள் முடிந்த பிறகும் ஆப்பை வைத்திருப்பவர்களை மட்டும் எடுத்து, அவர்களை மூன்று போட்டவர், போடாதவர் என்று பிரித்து, அன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இன்று ராத்திரியே எக்ஸெலில் செய்துவிடலாம். 58-க்கும் 14-க்கும் உள்ள 44 புள்ளி இடைவெளி கண்முன்னே சுருங்கும். அதைப் பார்த்த பிறகு மச்சானிடம் பேசுவது எளிது.

பேஸ்புக் கதையை அவர் கேட்டிருப்பார். அங்கே வளர்ச்சிக் குழுவை நடத்திய சமத் பலிஹபிட்டியா, புதிதாக வருபவருக்கு 10 நாளில் 7 நண்பர்கள் சேர வேண்டும் என்பதையே எல்லோரும் துரத்தினோம் என்று சொன்னார். அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஆப்பான ஸ்லாக்கை நடத்தும் நிறுவனத்தில் ஒரு குழுவுக்குள் 2,000 செய்தி போய்விட்டால் அந்தக் குழு தங்கிவிடும் என்றார்கள். இந்த எண்கள் உலகம் முழுக்கப் பழமொழி மாதிரி ஆகிவிட்டன. ஒரு பெரிய குழுவை ஒரே திசையில் ஓடவைக்க அப்படி ஓர் எண் உதவும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஏழாவது நண்பர் வந்ததால்தான் அவர் தங்கினார் என்று அந்த எண் நிரூபிப்பதில்லை. ஊரில் ஏற்கெனவே நிறையப் பேரைத் தெரிந்தவருக்கு நண்பரும் சீக்கிரம் சேருவார், அவர் தங்கவும் செய்வார்.

என் சொந்த அடி ஒன்று உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், தன் போட்டோவைப் போட்டவர்கள் அதிகம் தங்குவதைக் கண்டுபிடித்தது நான்தான். பெருமையாகப் போய்ச் சொன்னேன். போட்டோ இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது என்று மாற்றிவிட்டார்கள். போட்டோ வைத்தவர் எண்ணிக்கை எகிறியது. பாதிப் பேர் பூவும் பூனையும் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தங்கியவர் விகிதம் இருந்த இடத்திலேயே இருந்தது, வாசலோடு திரும்பியவர்கள்தான் கூடியிருந்தார்கள். அந்த மீட்டிங்கில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, எப்படித்தான் அளப்பது? சீட்டுக் குலுக்க வேண்டும். வேறு வழி எல்லாம் சுற்றுவழி.

ஒருவரை மூன்று கணக்குப் போடு என்று நீங்கள் உத்தரவிட முடியாது. உதவி செய்யத்தான் முடியும். ஆகவே குலுக்குவது உதவியைத்தான். புதிதாகச் சேருபவர்களில் சீட்டு விழுந்த பாதிப் பேருக்கு ஆள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நான்கு தொழில் நாளும் கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கட்டும். மற்றப் பாதிக்கு இப்போது நடப்பது நடக்கட்டும். பிறகு ஒப்பிடும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: சீட்டு விழுந்தபடியே ஒப்பிட வேண்டும். உதவி கிடைத்தும் போடாதவர் உதவிக் கூட்டத்திலேயே இருப்பார். உதவி இல்லாமலே போட்டவர் மற்றக் கூட்டத்திலேயே இருப்பார். "இவர் போடவே இல்லையே, இவரை ஏன் சேர்க்க வேண்டும்" என்று மச்சான் கேட்பார். சேர்க்காவிட்டால் பழைய குழிக்குள்ளேயே மறுபடி விழுவோம் என்று சொல்லுங்கள்.

உங்கள் எண்களையே வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். உதவி இல்லாத கூட்டத்தில் 100-க்கு 30 பேர் மூன்று போடுவார்கள், 70 பேர் போடமாட்டார்கள். 30-இல் 58 சதவீதமும் 70-இல் 14 சதவீதமும் தங்கினால், மொத்தத்தில் தங்குபவர் 27. இப்போது உதவியால் மூன்று போடுபவர் 52 ஆனதாக வைத்துக்கொள்வோம். மச்சான் சொல்வது முழுக்க உண்மையென்றால் தங்குபவர் 37 ஆக வேண்டும். முழுக்கப் பொய்யென்றால் 27-லேயே நிற்க வேண்டும். நீங்கள் போய் எண்ணுகிறீர்கள், 33 வருகிறது என்று வையுங்கள். உதவியால் கூடுதலாக மூன்று போட்டவர்கள் 22 பேர், கூடுதலாகத் தங்கியவர்கள் 6 பேர். 6-ஐ 22-ஆல் வகுத்தால் 0.27. அதாவது நீங்கள் தள்ளிவிட்டதால் மட்டுமே மூன்று போட்டார்களே, அவர்கள் தங்கும் வாய்ப்பு 27 புள்ளி கூடியது. 44 என்று பழைய அட்டவணை சொன்னது. மீதி 17 புள்ளி, அவர்கள் வரும்போதே கொண்டுவந்தது.

இந்த வகுத்தல் பார்க்கச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். இதற்கு என்ன பொருள் கொள்ளலாம், எந்த நிபந்தனையில் கொள்ளலாம் என்று இம்பென்ஸும் ஆங்ரிஸ்டும் 1994-இல் எழுதினார்கள். 2021-இல் இருவருக்கும் பொருளாதார நோபலில் பங்கு கிடைத்தது. அவர்கள் சொன்ன ஒரு நிபந்தனை உங்களுக்கு ரொம்ப முக்கியம்: உதவி, கணக்குப் போடுவதன் வழியாக மட்டுமே தங்குவதைப் பாதிக்க வேண்டும், வேறு வழியில் பாதிக்கக் கூடாது. கற்றுக்கொடுக்க நீங்கள் அனுப்பும் பையன் நான்கு நாள் வாடியில், அதாவது வியாபாரி மீன் வாங்கும் கொட்டகையில், உட்கார்ந்து டீ குடித்துப் பேசிவிட்டு வந்தால், ஆப்புக்காகப் போடாதவர்கூட அந்தப் பையன் முகத்துக்காகப் போடுவார். அதனால் மற்றக் கூட்டத்துக்கும் அந்தப் பையனே ஒரு தடவை போய் ஆப்பை இறக்கிக் கொடுத்துவிட்டு வரட்டும், கற்றுக்கொடுப்பதை மட்டும் விட்டுவிடட்டும். நான்கு தொழில் நாள் முடிந்ததும் இரண்டு பக்கமும் போவதை நிறுத்திவிட வேண்டும்.

ரீசார்ஜ் யோசனை எனக்குப் பிடிக்காததும் இங்கேதான். 50 ரூபாய் வருகிறது என்றால் கரையில் நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் மூன்று பொய்க் கணக்குப் போட்டுவிடுவார்கள். நானாக இருந்தாலும் போடுவேன். ஓர் அளவுகோலையே இலக்காக வைத்துவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பதைக் குட்ஹார்ட் விதி என்பார்கள். சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது, நம் ஊர் ரீசார்ஜுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எத்தனை படகு வேண்டும்? மனக்கணக்காகப் போட ஒரு வழி: இரண்டு கூட்டத்துக்கும் நடுவான தங்கும் விகிதத்தையும் தங்காத விகிதத்தையும் பெருக்கி, அதை 16-ஆல் பெருக்கி, நீங்கள் பார்க்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 27-க்கும் 33-க்கும் உள்ள 6 புள்ளியைப் பிரித்தறிய ஒரு பக்கத்துக்கு 930 படகு போல வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 1,860-க்கு மேல். மாதம் 70 என்றால் இரண்டு வருடத்தையும் தாண்டும். பணம் போட்டவர் அதுவரை சும்மா இருக்கமாட்டார். 10 புள்ளி வித்தியாசம் என்றால் பக்கத்துக்கு 350 போதும், பத்து மாதத்தில் முடியும். ஆகவே அரைகுறை உதவி வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பிவிட்டு உதவி என்று பெயர் வைத்தால் 30 என்பது 34 ஆகும், தங்குவதில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. ஆள் போய் உட்கார்ந்து 30-ஐ 70 ஆக்கினால், அதே 27 புள்ளி விளைவுக்குத் தங்குபவரில் 11 புள்ளி வித்தியாசம் தெரியும். பெரிதாகத் தள்ளினால்தான் சிறிய ஊரில் அளக்க முடியும்.

படகு படகாகக் குலுக்காதீர்கள், வாடி வாடியாகக் குலுக்குங்கள். ஒரே வாடியில் மீன் போடும் அண்ணன் படகுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தம்பி படகுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே அவருக்கும் தெரிந்துவிடும், இரண்டு கூட்டமும் கலந்துவிடும், வித்தியாசம் மறைந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு வாடியில் பத்துப் படகு இருந்தாலும் அவை பத்துத் தனிச் சாட்சிகள் ஆகமாட்டா. ஒரு வியாபாரிக்குப் பிடித்தால் பத்தும் போடும், பிடிக்காவிட்டால் பத்தும் விடும். ஆகவே மேலே சொன்ன எண்ணிக்கை இன்னும் கூடும். முடிந்தவரை நிறைய வாடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாடிக்கு எத்தனை படகு என்பது இரண்டாம் பட்சம்.

இனி "தங்குவது" என்ற சொல்லுக்கு வருவோம். மூன்று மாதம் என்பது உங்கள் கடற்கரையில் பொருளே இல்லாத அளவு. மார்ச்சில் சேர்ந்த விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் கிடக்கிறது, வலைக்கு வேலை நடக்கிறது, அவர் எதற்குப் பங்குக் கணக்குப் போடுவார்? ஜூன் முதல் வாரத்தில் எண்ணினால் அவரும் ஓடிப்போனவர் கணக்கில் இருப்பார். அதே நாட்களில் தடை இல்லாத நாட்டுப்படகு தினமும் கடலுக்குப் போய்வரும், விசைப்படகு மீன் வராததால் நல்ல விலையும் கிடைக்கும், ஆப்பில் கணக்கும் ஏறும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு கோடு வரைந்தால் அந்தக் கோட்டில் தெரிவது மீன்வளத் துறை நாட்காட்டிதான்.

நாளை எண்ணாமல் தொழில் நாளை எண்ணுங்கள். விசைப்படகு எத்தனை நாள் போனது என்பது கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கும் டோக்கனில் தெரியும். நாட்டுப்படகுக்கு வாடிக்காரரின் கொள்முதல் நோட்டு இருக்கிறது, நல்லவிதமாகக் கேட்டால் காட்டுவார். போன நாட்களில் பாதிக்கு மேல் ஆப்பில் கணக்கு இருந்தால் அவர் இருக்கிறார் என்று கொள்ளலாம். போனையும் எண்ண வேண்டாம், படகை எண்ணுங்கள். போன் தண்ணீரில் விழும், நம்பர் மாறும், அப்பா போனிலிருந்து மகன் போனுக்குப் போகும். படகின் பதிவு எண் அவ்வளவு சுலபத்தில் மாறாது.

நீண்டகாலம் தங்கினாரா என்பதற்கு இதைவிட நல்ல தேர்வு ஒன்றை அரசாங்கமே உங்களுக்கு இலவசமாக வைத்திருக்கிறது. 61 நாள் ஆப்பைத் தொடாத விசைப்படகுக்காரர், ஜூன் 15-க்குப் பிறகு போகும் முதல் நான்கு தொழில் நாளில் யாரும் சொல்லாமலே மறுபடி கணக்குப் போடுகிறாரா? பழக்கம் விட்டுப்போக 61 நாள் தாராளம். அதைத் தாண்டியும் கை தானாக ஆப்புக்குப் போனால் அதைத்தான் நான் தங்குவது, ஆங்கிலத்தில் ரிட்டென்ஷன், என்பேன். நாட்டுப்படகுக்கு இதே மாதிரி, வடகிழக்குப் பருவமழையும் வாடைக் காற்றும் சேர்ந்து தொழிலை முடக்கும் நாட்களுக்குப் பிந்தைய வாரங்களைப் பாருங்கள். அந்த நாட்களில் மெசேஜ் அனுப்பி நினைவூட்டித் தொலைக்காதீர்கள், அளவு கெட்டுவிடும்.

மூன்று கணக்கு என்பதே சரியான ஆரம்பப் பிடிப்பா என்றும் சந்தேகப்படுங்கள். சில மாதம் முன்பு மண்டபம் பக்கம் ஒரு வாடியில் உட்கார்ந்திருந்தேன். நண்டும் கணவாயும் எடை போட்டு முடிந்தது. ஒரு பையன் போனைப் பார்த்து ஆள் பங்கை வாசித்தான். பெரியவர் ஒருவர் அவனை நம்பாமல் பெட்டி மூடியில் சாக்பீஸால் தானும் போட்டுக்கொண்டிருந்தார். ஐஸ் காசைக் கழித்தாயா என்று கேட்டார், கழித்தேன் என்றான். கமிஷன்? அதுவும். கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் மூடியைத் துடைத்துவிட்டு, "சரி, அதிலேயே பார்த்துக் கொடு" என்றார். அந்தப் படகில் ஆப் நிலைத்தது அந்த நிமிடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன் அந்தப் பையன் முப்பது கணக்குப் போட்டிருந்தாலும் அது அவன் விளையாட்டு.

ஆக, பங்குக்காரர்கள் எல்லோரும் ஆப் காட்டிய தொகைக்கே பணம் வாங்கிக்கொண்ட முதல் நாள் எது என்று ஒரு பட்டனில் பதிய முடியுமா பாருங்கள். அதையும் மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜூன் 15-க்குப் பிறகு திரும்பி வந்தவரை எது சரியாகச் சொல்கிறது என்று பார்க்கலாம். அதுவும் முதல் அட்டவணை மாதிரி வெறும் ஊகம்தான், குலுக்கல் முடிவு இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும். ஆனால் எதைத் தள்ளிப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும். கற்றுக்கொடுக்கப் போகும் பையனும் மூன்று கணக்கை விரட்டாமல், பெரியவர் முன்னால் பங்கை வாசிக்கும் அந்த ஒரு நாளுக்கு உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஆகலாம்.

பணம் போட்டவரிடம் போகும்போது ஒரு தாளில் இதை மட்டும் எழுதிக் கொடுங்கள்: எத்தனை வாடிக்கு உதவி, எத்தனைக்கு இல்லை, எந்தத் தேதியில் எண்ணுவோம், இருக்கிறார் என்றால் என்ன பொருள், எவ்வளவு வித்தியாசம் வந்தால் உதவியைத் தொடர்வோம், வராவிட்டால் நிறுத்துவோம். குலுக்குவதற்கு முன்பே எழுதித் தேதி போட்டுவிடுங்கள். பின்னால் வரும் எண்ணுக்கு ஏற்றபடி இரண்டு மாதமா, நான்கு மாதமா என்று மாற்றிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

வாடிப் பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டியில் போட்டு மச்சானையே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு அந்தப் பட்டியல் உங்களிடம் இருக்கட்டும். அவர் கையில் கொடுத்தால், தனக்கு வேண்டிய வாடிக்கு ஒரு நடை போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.